கோழி வாங்க வேண்டிய கை

ஹெலிகாப்டர் என்றால் எல்லோரும் பைலட்டைத்தான் பார்க்கிறார்கள். பின்னால் திறந்த கதவோரம் இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு, பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு வருகிறவனை எவனும் விசாரிப்பதில்லை. எங்கள் பிரிவில் அந்த ஆள் சார்ஜென்ட் ஃபைசன் முஹாரா. நான் அதே பிரிவில் எரிபொருள் டிரம் உருட்டுகிறவன். அதனால் எனக்குப் பெயரே டிரம்தான். அவனோடு ஒரே தட்டில் ன்சிமாக் களியைப் பிட்டுத் தின்றவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

எவ்வளவு சுமை ஏற்றலாம், ஆளைத் தூக்கும் கம்பிவடத்தை எங்கே விடலாம், வால் விசிறி மரத்தில் படுமா, எல்லாம் பின்னால் இருப்பவன்தான் சொல்ல வேண்டும். அவன் "வேண்டாம்" என்றால் கேப்டனே ஆனாலும் இறக்கக் கூடாது. அது எங்கள் வழக்கம். அந்த வேலைக்கு நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றுப் போனார், அந்த இடம் காலியாகவே கிடந்தது. இரண்டு பேரை அமைதிப் படையோடு காங்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் ஃபைசன்.

ஷீரே ஆறு கரை உடைத்து ந்சான்ஜே மாவட்டம் முழுக்கத் தண்ணீராகக் கிடந்த வருஷம் அது. பைலட்டுகள் மாறி மாறிப் பறந்தார்கள். பின்னால் மட்டும் அதே ஆள். வார் அழுத்தி அழுத்தி அவன் இடுப்பு காய்த்துப்போயிருந்தது. சாப்பிடும்போதே தூங்குவான். எழுப்பினால் கையிலிருக்கும் உருண்டையைப் பார்த்து, "இது என்னோடதா?" என்பான்.

அந்தச் சனிக்கிழமை அவன் தங்கை எஸ்னாட்டின் மகள் எனிஃபாவுக்கு நிச்சயம். எங்கள் பக்கம் நிச்சயம் என்றால் இரண்டு வீட்டுத் தாய்மாமன்களும் ஊர் முன்னால் சேவலையும் பெட்டையையும் மாற்றிக்கொள்வதுதான். கோழியைக் கையில் வாங்கியவன் அங்கோஸ்வே, அந்தக் கல்யாணத்துக்குப் பொறுப்பாளி. பிறகு அந்தக் குடும்பத்தில் என்ன சண்டை வந்தாலும் அவன் வாசலுக்குத்தான் வர வேண்டும். சாகிறவரை அது மாறாது. எனிஃபாவின் அப்பன் ஓடிப்போன பிறகு அவளைப் படிக்கவைத்தது ஃபைசன். அந்தக் கோழியைத் தன் கைதான் வாங்க வேண்டும் என்று இருந்தான்.

மேஜர் காலுவா லீவு தந்தார். வடக்கே இருந்து ஒரு மாற்று ஆள் வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வெள்ளிக்கிழமை அவனும் வந்து சேர்ந்தான்.

"இந்த வடத்துல ஆளைத் தூக்கியிருக்கியா?" என்று ஃபைசன் கேட்டான்.

"மூட்டைதாண்ணே தூக்கியிருக்கேன்."

"மூட்டை பயந்துபோய்க் காலை உதறாது தம்பி."

மேஜர் பொறுப்பை அவன் தலையிலேயே போட்டார். "நீயே சொல்லு ஃபைசன். போறியா, இருக்கியா?"

ந்சான்ஜேயில் மரத்து மேலும் பள்ளிக்கூடக் கூரை மேலும் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். "நாளைக்குக் காலையிலயும் பறக்கறேன் சார். மத்தியானம் முடிச்சுட்டுப் போறேன்" என்றான்.

"மத்தியானம் முடியும்னு ஆத்துகிட்ட கேட்டுட்டியா?" என்றேன்.

"டிரம்மை உருட்டுடா."

சனிக்கிழமை ந்சான்ஜேயில் டிரம் இறக்க வேண்டியிருந்ததால் நானும் ஏறினேன். மத்தியானம் முடியவில்லை. கூரை மேலிருந்த ஒரு தையல்காரன் மெஷின் இல்லாமல் வர மாட்டேன் என்று அடம்பிடித்தான். ஃபைசன் அவனையும் தூக்கி, மெஷினையும் தூக்கி, இரண்டு பேரையும் திட்டினான்.

கடைசி நடை திரும்பும்போது வழி தியோலோ மலைமேல். அவன் ஊர் அங்கேதான். கேப்டன் சிசாலே காதுக்கருவியில் கூப்பிட்டார்.

"ஃபைசன், கீழ பந்தல் தெரியுதா?"

"தெரியுது சார்."

"இனி பேஸுக்குப் போறது மட்டுந்தான். உன்னை மைதானத்துல இறக்கி விட்டுட்டுப் போறேன். கதவை டிரம் பார்த்துக்கட்டும்."

அவன் முகத்தில் தூக்கம் கலைந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டான். கேப்டன் தாழ இறக்கினார். மைதானம் காலியாகத்தான் கிடந்தது. அப்போதுதான் பந்தலிலிருந்து யாரோ கைகாட்டினார்கள். மாமன் வந்துவிட்டான் என்று மொத்தக் கூட்டமும் எழுந்து, ஆடிக்கொண்டு, குலவை போட்டுக்கொண்டு நேரே மைதானத்துக்குள் ஓடிவந்து எங்களுக்குக் கீழே நின்றது. ஃபைசன் தள்ளிப்போகச் சொல்லிக் கையை வீசினான். அவர்களும் பதிலுக்குக் கையை வீசினார்கள்.

"வேற இடம்?" கேப்டன் கேட்டார்.

"சுத்தியும் தேயிலைச் சரிவு சார்."

"கொஞ்சம் சுத்திட்டு வரலாமா?"

"எண்ணெய் பத்தாது." இன்னொரு முறை கீழே எட்டிப் பார்த்தான். "வேண்டாம் சார். ஏத்துங்க."

ஏற்றினார். தையல்காரன் என்னிடம், "ஏன் இவரு பொத்தானைக் கழட்டறாரு?" என்று கேட்டான்.

சாயங்காலம் எஸ்னாட்டின் ஃபோன் வந்தது. பக்கத்தில் இருந்த எனக்கே காது அடைத்தது.

"ஏண்ணே, கோழி விரட்டவா வந்தே? உன் காத்துல சேவல் தேயிலைக்குள்ள ஓடிருச்சு! மாப்பிள்ளையோட மாமா கோட்டு சூட்டோட பின்னாடியே ஓடினாரு!"

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு, அவங்க நிக்க மாட்டேன்னுட்டாங்க."

"யாரு வாங்கினது?"

"சின்னண்ணன்தான். வில்லார்ட்."

"ரெண்டு கையாலயும் வாங்கினானா?"

"ஒரு கையில ஃபோன் வச்சிருந்தான்."

"சரி" என்று வைத்துவிட்டான். பிறகு போய் ஹெலிகாப்டர் தரையில் அப்பியிருந்த சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தான்.

காங்கோ போன இரண்டு பேரும் பிறகு திரும்பி வந்தார்கள். மேஜர் கூப்பிட்டு லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். "இப்ப எதுக்கு சார்?" என்றான்.

எனிஃபாவின் கல்யாணம் நடந்து, அறுவடையும் முடிந்த சமயம் வில்லார்ட் ஃபோன் செய்தான். அவள் புருஷனோடு சண்டை போட்டு வில்லார்ட் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறாளாம், என்ன சொல்வதென்று தெரியவில்லையாம். ஃபைசன் டிரம் மேல் உட்கார்ந்து, பெண்ணிடம் என்ன கேட்க வேண்டும், பையனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். வில்லார்ட் ஃபோனை அணைக்காமலே போய் அதைத் தன் பேச்சாகப் பேசினான். பேச்சு முடிகிறவரை ஃபைசன் ஃபோனைக் காதில் வைத்தபடியே இருந்தான். அப்படியே தூங்கியும் போனான்.