அன்லிமிட்டட் என்று நம்பிய காலம்

வெப்சைட் செய்து கொடுக்கும் தொழிலில், சைட் ஓடினால் யாருக்கும் நம் ஞாபகம் வராது. நின்றால் ஊரே கூப்பிடும். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாறசாலையில் தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் நான் தொழில் தொடங்கிய நாட்களை நினைத்தால் இப்போதும் இனிக்கிறது, கொஞ்சம் நெஞ்சும் படபடக்கிறது.

பலாக்கன்றுக்கு வந்த கூட்டம்

குன்னத்துகால் ஜெயசீலன் அண்ணன் ஒட்டுப்பலாக் கன்று விற்பவர். 'எல்லாமே அன்லிமிட்டட்' என்ற விளம்பரத்தை நம்பி அவர் சைட்டை வைக்க ஒரு கம்பெனியில் ஹோஸ்டிங், அதாவது வாடகை இடம், வாங்கினேன். அவர் தோட்டத்து வீடியோ வாட்ஸ்அப்பில் பரவியதும் ஆட்கள் குவிந்தார்கள், சைட் படுத்துவிட்டது. கம்பெனிக்காரர்களோ, அளவுக்கு மேல் ஆள் வருவது உங்கள் தப்பு என்றார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கூட்டம் வராது என்ற தைரியத்தில், ஒரே செர்வரில் கொள்ளாத அளவுக்குச் சைட்டுகளை ஏற்றி விற்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அண்ணன் நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "ஆளு வரணும்னுதானே மக்கா கடை திறந்தோம், ஆளு வந்ததுக்கு அடைச்சா எப்பிடி?"

அடக்கத்தன்று

அதே கம்பெனியில்தான் அதியன்னூர் கிறிஸ்தவ சபையின் சைட்டும் இருந்தது. சபையைச் சேர்ந்த ஸ்டெல்லா டீச்சரின் அண்ணன் இறந்தபோது, வளைகுடாவில் இருந்த அவருடைய பிள்ளைகள் அடக்க ஆராதனையை அதில்தான் நேரலையாகப் பார்க்கக் காத்திருந்தார்கள். அளவு மீறியதென்று கம்பெனி பாதியில் கணக்கை நிறுத்தியது, திரை வெளுத்தது. நான் சபைக் கோயிலுக்கு ஓடி, வீடியோ காலில் அவர்களைக் கூப்பிட்டு, முடியும்வரை பெட்டியருகே போனைப் பிடித்து நின்றேன். டீச்சர் அழுதுகொண்டே என் தோளைத் தொட்டார்: "அப்பனைக் காண இருந்த பிள்ளையளுக்கு 'அக்கவுண்ட் சஸ்பெண்டட்'னு வந்துதாம் மக்கா."

இவ்வளவுதான் தாங்கும்

மறுநாளே வேறு இடம் தேடினேன். திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன நிறுவனம். போனை எடுத்தவர், எத்தனை பேர் ஒன்றாக வருவார்கள், என்றைக்கு வருவார்கள் என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை. எவ்வளவு தாங்கும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். இரண்டு சைட்டையும் அங்கே மாற்றினேன். சபையின் அடுத்த அறுப்புப் பண்டிகையில், காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விட்டபோது, வெளிநாட்டில் இருந்த சபைக்காரர்களும் சைட் வழியாகவே விலை கேட்டார்கள். நான் சாப்பிடாமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா டீச்சர் இலை போட்டுவிட்டு வந்து சொன்னார்: "அது நல்லா ஓடுது, நீ வந்து சோறு தின்னு."

இத்தனை வருடத்தில் எனக்கு உண்மையிலேயே அன்லிமிட்டடாகக் கிடைத்தது, வாடிக்கையாளர்களின் பொறுமை ஒன்றுதான்.