அணைத்து வைத்த கைப்பேசி

ஜூலை, இரண்டாம் சனிக்கிழமை.

காலை 9.40. பள்ளி மாணவியரின் கைப்பேசி விளையாட்டு அணி, வத்தலக்குண்டு சாலையிலுள்ள ஒரு கல்லூரி அரங்கிற்குப் போட்டிக்காக வந்து சேர்ந்தது. ஐந்து பேர்.

9.48. அணியின் கணக்கைத் திறக்க ஓடிபி கேட்கப்பட்டது. அது என் மனைவியின் எண்ணுக்கு வரும். அவள் இறந்து ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. அவளுடைய கைப்பேசி என் மேசை இழுப்பறையில் அணைந்த நிலையில் இருந்தது.

9.50. அணித் தலைவி என்னை அழைத்தாள்.

10.15. பதிவு நேரம் முடிந்தது. அணி ஆடாமலே விலக்கப்பட்டது.

என் மனைவி அந்தப் பள்ளியில் கணினி ஆசிரியை. நான் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்த அணியைத் தொடங்கியவள் அவளே. அவளுக்கு ஆடத் தெரியாது. மாணவியருக்குப் பின்னால் ஒரு குறிப்பேட்டுடன் அமர்ந்து, ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் யார் பேசாமல் போனார்கள் என்பதை மட்டும் எழுதுவாள்.

"கை நல்லாத்தான் ஓடுது. வாயத்தான் தொறக்க மாட்டேங்குறாளுக. எதிராளி எங்க நிக்கிறான்னு ஒருத்தி சொல்லாம விட்டாப் போதும், அஞ்சு பேரும் காலி" என்பாள், சாப்பிடும்போது.

"இதற்கெல்லாம் ஓர் அணியா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு நாள் வந்து பாருங்க" என்றாள். நான் போகவில்லை.

ஜூன் மாதத்தில் அந்த ஐவரும் வீட்டிற்கு வந்தனர். கணக்கிலுள்ள எண்ணை மாற்ற வேண்டும். அதற்கும் பழைய எண்ணுக்கு ஓடிபி வரும் என்றனர். முப்பதாம் நாள் பூசை முடியட்டும் என்றேன். பூசை முடிந்தது. மறுபடி வந்தார்கள். அடுத்த வாரம் என்றேன். அவள் எண் ஓரிடத்திலிருந்து நீக்கப்படுவதற்கு என் கையால் உதவ எனக்கு மனமில்லை. இதை அவர்களிடம் நான் சொல்லவில்லை.

"அப்ப மேட்ச் அன்னிக்குப் போனையாவது குடுத்து விடுங்க சார்" என்றாள் தலைவி, சின்னாளபட்டியிலிருந்து பேருந்தில் வரும் பெண். அழைத்தால் ஓடிபியைச் சொல்கிறேன் என்றேன்.

போட்டியன்று தலைவி அழைத்தபோது மனைவியின் கைப்பேசியை உயிர்ப்பித்தேன். நான்கு இலக்கப் பூட்டு எண் கேட்டது. எங்கள் திருமண நாளைப் போட்டேன். தவறு. மனைவியின் பிறந்த நாள், என் பிறந்த நாள், மகன் பிறந்த ஆண்டு, நாங்கள் இந்த வீட்டிற்கு வந்த ஆண்டு. ஐந்து தவறுகளுக்குப் பின் காத்திருக்கச் சொன்னது. இடையில் குறுஞ்செய்திகள் வந்த ஒலி மூன்று முறை கேட்டது.

"சார், வந்துருச்சா?"

"திறக்க முடியவில்லை, அம்மா."

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தியின் குரல்: "ஏன்டி, சார் டாக்டர் பட்டமெல்லாம் வாங்கினவரு. போன் லாக் தெரியலையாக்கும்?"

"சும்மா இருடி, கேக்கப் போகுது." பிறகு என்னிடம்: "சார், ரெண்டு அஞ்சு எட்டு சைபர். நடுவுல மேலருந்து நேரா கீழ எறங்குங்க. கண்ணாடி போடாமலே தொறக்கலாம்னு மிஸ் வச்சது. எங்க எல்லாருக்கும் தெரியும் சார்."

அதன்படி திறந்தது. மூன்று ஓடிபிகளும் காலாவதியாகியிருந்தன. நான்காவதைக் கேட்டபோது ஒரு மணி நேரம் கழித்து முயலும்படி அவர்களுக்குச் செய்தி வந்தது. முப்பத்தோராண்டு மணவாழ்வில் அந்தப் பூட்டு எண்ணை நான் கேட்டதில்லை. அது எங்களைப் பற்றியதாகவே இருக்கும் என்று எண்ணியதில் இருபது நிமிடங்கள் கழிந்தன.

மாலையில் தலைவி அழைத்தாள்.

"டவர் கிடைக்கலன்னு ஸ்கூல்ல சொல்லிட்டோம் சார். நீங்க மனசுல வச்சுக்காதீங்க. சாப்டீங்களா?"

"சாப்பிட்டேன்" என்றேன்.

இன்றுவரை செய்யாதவை:

அணியின் கணக்கில் எண்ணை மாற்றித் தருவது.

அவளுடைய குறிப்பேட்டை மாணவியரிடம் ஒப்படைப்பது.

அவளிடம் இருந்த பள்ளிக் கணினி அறையின் மாற்றுச் சாவியைத் திருப்பிக் கொடுப்பது.

அன்று டவர் கிடைத்தது என்பதைப் பள்ளியில் சொல்வது.