மேடையில் இருந்த பக்திமானும் என் அக்காவும்

பிரான்சில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நாடக அரங்கில் உடுப்பு வாங்கி வைக்கும் வேலை எனக்கு. பார்க்க வருகிறவர்களின் கோட்டுகளையும் குடைகளையும் வாங்கி, இலக்கத் துண்டைக் கொடுத்து, முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இடையில் செய்வதற்கு ஒன்றும் இராது. அதனால் பல நாடகங்களை நான் காதால் மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஒரு குளிர்காலம் முழுவதும் ஒரு பழைய நகைச்சுவை நாடகம் ஓடியது. முந்நூறு வருடங்களுக்கு மேல் பழையது. வசதியான ஒரு குடும்பத் தலைவர், கோயிலில் கண்ட ஒரு பக்திமானை வீட்டுக்கே கூட்டிவந்து வைத்துக்கொள்கிறார். அவன் போலி. வீட்டில் உள்ளவர்களுக்கு அது தெரிகிறது, தலைவருக்கு மட்டும் தெரிவதில்லை. எழுதிய காலத்தில் மதப் பெரியவர்கள் கோபப்பட்டு இதை மேடையேற விடவில்லையாம். வாசலில் சீட்டுப் பார்க்கும் பெண் சொன்னாள். கதவு மூடியிருந்தாலும் சிரிப்பு எனக்குக் கேட்கும். கேட்கும்போதெல்லாம் அக்காவின் நினைவு வந்தது.

அக்கா அப்போது புறநகரான கார்ஜ் லே கொனெஸில் தனியாக இருந்தாள். எங்கள் குடும்பத்தில் பகிடிக்கு அவள்தான். மன்னாரிலிருந்து வந்த புதிதில், தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து ரயிலில் திரும்பும்போது, முன்வரிசைக்காரர்களை ஒவ்வொருவராகச் செய்து காட்டுவாள். எல்லோருக்கும் கேட்கும்படி நெஞ்சில் அடித்துக்கொள்பவர், குருவானவரிடம் நன்மை அப்பம் வாங்கித் திரும்பும்போதே யார் புதுச் சேலை என்று கீழ்க்கண்ணால் பார்ப்பவர். அத்தான், "சனம் பாக்குது, பேசாம இரும்" என்று சொல்லிக்கொண்டே சிரிப்பார். அவளுக்கு விசுவாசம் குறைவில்லை. இரவில் செபமாலை சொல்லாமல் படுக்க மாட்டாள். விசுவாசம் இருந்ததால்தான் அப்படிச் சிரிக்க முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அத்தான் இறந்த பிறகு அந்தப் பகிடி நின்றுபோனது. அவளுடைய மகன் கலியாணம் கட்டி தூலூஸுக்குப் போய்விட்டான். அந்தக் காலத்தில்தான் செபக்கூட்டம் நடத்தும் ஒருவர் திங்கட்கிழமைகளில் வீட்டுக்கு வரத் தொடங்கினார். எல்லோரும் அவரை பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள். வந்து அத்தானின் கதிரையில் உட்காருவார். அவர் சொன்னதால் அக்கா தொலைக்காட்சியைத் துணி போட்டு மூடினாள். பழைய படப்பாட்டு கசெட்டுகளை யாருக்கோ கொடுத்தாள். வெள்ளிக்கிழமை மட்டும் இருந்த, இறைச்சி தொடாத சுத்தபோசனம் புதன்கிழமைக்கும் வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அந்த பிரதரை லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கண்டேன். முன்னால் ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி. என்னைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டு, "டொக்டர் சொன்னவர் தம்பி. ரத்தம் குறைவாம்" என்றார். அக்காவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. "வருத்தக்காரருக்கு விலக்கு இருக்கு" என்றாள்.

எனக்குக் கோபத்தைவிடத் துக்கம்தான் வந்தது. பழைய அக்கா என்றால் அந்தக் கரண்டியை அவர் எப்படி வைத்திருப்பார் என்று அந்த நிமிடமே செய்து காட்டியிருப்பாள்.

நாடகம் முடியும் வாரத்தில், வேலை செய்கிறவர்கள் வீட்டாரைக் கூட்டிவரலாம் என்றார்கள். நான் அக்காவைக் கேட்டேன். மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். "என்ன மாதிரி நாடகம்?" என்றாள். "பகிடி நாடகம்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, வாறன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் காட்சி. எனக்குப் பதிலாக வேறொருவர் கோட்டுகளைப் பார்த்துக்கொண்டார். பாட்டுப்போல எதுகை வைத்துப் பேசும் பழைய பிரெஞ்சு அது. எனக்கே பாதிதான் பிடிபட்டது, அக்காவுக்கு அதைவிடக் குறைவு. காதுக்குள் சொல்லத் தொடங்கினேன். அவள் கையால் என்னை நிறுத்தினாள்.

போலிப் பக்திமான் உடனே வரவில்லை. எல்லோரும் அவனைப் பற்றி நெடுநேரம் கதைத்த பிறகுதான் வந்தான். தலையைச் சாய்த்து, கண்ணைத் தாழ்த்தி, நிலத்துக்கு நோகும் என்பதுபோல நடந்தான். அக்கா சால்வையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அத்தான் போன பிறகு நான் காணாத குலுங்கல். நான் மேடையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு கட்டம். குடும்பத் தலைவர் தன் சொந்த மகனை நம்பாமல் அந்தப் போலியைக் கட்டிப்பிடிக்கிறார். அரங்கம் முழுவதும் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. சால்வையை மடியில் வைத்துவிட்டு அந்த மனிதரையே பார்த்தாள்.

முடிந்ததும் லா சப்பலில் ஒரு கடையில் தேநீர் குடித்தோம். அவளே தொடங்கினாள்.

"எனக்கு என்னைக் காட்டத்தானே கூட்டிக்கொண்டு வந்தனீ?"

"ஓம் அக்கா."

"கள்ளனைப் பார்த்துச் சிரிச்சினம், சரி. அந்த வீட்டுக்காரரைப் பார்த்தும் சிரிச்சினம். அந்த வீட்டிலை ஆரும் அவரோடை இருந்து கதைச்சவையே? அந்தக் கள்ளன் ஒருத்தன்தான் அவர் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு இருந்தவன்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"பிரதர் வாறதுக்கு முன்னம், திங்கட்கிழமையிலை என்ரை வீட்டுக்கு ஆர் வந்தது, சொல்லு பாப்பம்."

"அப்ப அவர் எப்பிடிப்பட்டவர் எண்டு உங்களுக்குத் தெரியும்."

அக்கா கோப்பையைத் தள்ளி வைத்தாள். கரண்டியை எடுத்து, இல்லாத சாப்பாட்டின் மேல் பிடித்தாள். தலை சாய்ந்தது, கண் தாழ்ந்தது. "டொக்டர் சொன்னவர் தம்பி" என்றாள், அதே தளர்ந்த குரலில். அவள் அந்தக் கடையில் இருக்கவில்லை, நான் சொன்னதை மட்டும் கேட்டவள். ஆனால் அச்சொட்டாக அவர்தான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்வரை நான் சிரித்தேன்.

"எனக்குத் தெரியாது எண்டு நினைச்சனியே?" என்று கேட்டுவிட்டு மிச்சத் தேநீரைக் குடித்தாள்.

அரங்குக்குத் திங்கள் விடுமுறை. அடுத்த திங்களிலிருந்து நான் கார்ஜுக்குப் போகத் தொடங்கினேன். பிரதர் வரும்போது நானும் இருப்பேன். அக்கா அவருக்குத் தேநீர் கொடுப்பாள், செபம் சொல்வாள், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் கதை எங்கள் இருவருக்குள்ளேயே போய்விடும். மீன் விலை, மகனின் வேலை, ஊரிலிருந்து வந்த போன். அவர் நடுவில் உட்கார்ந்து வாசலைப் பார்ப்பார். கொஞ்ச நாளில் வருவது குறைந்தது. ஓல்னே-சூ-புவாவில் வேறு வீடுகளுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டோம். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. மேடையில் போலியைப் பிடிக்க அரசனின் ஆள் வரவேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அவர் தானாகவே போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமைகள்தான் பிரான்சில் எனக்கு வாய்த்த நல்ல நாட்கள். மீன் குழம்பு வைப்பாள். சாப்பிட்ட பிறகு அந்த வாரத்துக் கோயில் முழுவதையும் நடித்துக் காட்டுவாள். அது கன காலம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பேரன் பிறந்ததும் மகன் வந்து அவளைத் தூலூஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று சாமான்களை மாடியிலிருந்து நான்தான் இறக்கினேன்.

திங்கட்கிழமை இப்போதும் எனக்கு விடுமுறைதான். சில வேளை பழக்கத்தில் ரயில் நிலையம்வரை நடந்துவிட்டுத் திரும்புகிறேன். பின்னேரம் அவளுக்கு போன் எடுப்பேன்.

போன வாரம் கேட்டேன், "அங்கை பூசைக்குப் போறனீங்களோ?"

"போறன். பிரெஞ்சுப் பூசை. நல்ல சனம்தான். ஆனா ஆர் எவர் எண்டு ஒண்டும் தெரியேல்லை. தெரியாத சனத்தை என்னெண்டு பகிடி பண்ணுறது?"

பிறகு பேரன் அழுதான். "பிறகு எடு தம்பி" என்றாள்.