கோல் கம்பத்தில் ஒரு டிஷ்யூ பாக்கெட்

தேக்காவில் என் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக வந்து விழுந்தது. நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தேக்கா உணவங்காடியில் மேசை கிடைப்பது, சிங்கப்பூரில் குலுக்கலில் அரசாங்க வீவக வீடு கிடைப்பதைவிடக் கஷ்டம். என் மகள் தர்ஷினி ஓடிப்போய் ஒரு மேசையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்தாள். நான் காதர் பாயின் பிரியாணிக் கடை வரிசையில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். பாய் எனக்குப் பல வருடப் பழக்கம். எங்களுக்கு அடுத்த புளோக்கில்தான் அவர் வீடு. அதைவிட முக்கியம், அவர் என் வாசகர். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் இந்தப் பத்தியைப் படித்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பாராம். பொய்யாக இருக்கலாம். எழுதுகிறவர்களுக்கு அந்தப் பொய் போதும்.

அன்று தட்டை அவரே மேசைக்குக் கொண்டுவந்தார். அதுவே அதிசயம். ஆட்டுக்கறிக்குப் பக்கத்தில் வழக்கமான ஒரு முட்டைக்குப் பதில் இரண்டு.

"என்ன பாய், முட்டை கூட இருக்கு?"

"இருக்கட்டும்க்கா, சாப்பிடுங்க." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "நஸ்ரின் விஷயம் கேள்விப்பட்டிருப்பீங்க. நீங்க கமிட்டில இருக்கீங்கல்ல... புள்ளைக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாங்க லா."

நஸ்ரின் அவர் மகள். கமிட்டி என்பது எங்கள் காற்பந்துக் கிளப்பின் கமிட்டி. நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"இன்னும் முடிவாகல பாய். பாக்கறேன்."

முடிவாகிவிட்டிருந்தது. புதன்கிழமையே. அந்த முடிவை எடுக்க வைத்ததே நான்தான்.

பாய் நன்றி சொல்லிவிட்டுப் போனார். எதிரே உட்கார்ந்திருந்த தர்ஷினி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் முட்டையைப் பார்த்தேன்...

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

குவீன்ஸ்டவுனில் எங்கள் வட்டாரத்தில் ஒரு சின்ன காற்பந்துக் கிளப் இருக்கிறது. பெரிய பெயரெல்லாம் இல்லை. ஆனால் பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் அணி ஒன்று உண்டு. அது அபூர்வம். தர்ஷினி அதில் கோல்கீப்பர். நஸ்ரினும் அங்கே கோல்கீப்பராக இருந்தவள்தான். போன வருட ஆரம்பத்தில், அப்போதிருந்த கோச் நஸ்ரினை நிறுத்திவிட்டார். காரணம், உயரம். பெரிய கோலுக்கு இந்தப் பெண் பத்தமாட்டாள் என்றார். கமிட்டி தலையாட்டியது. நான் அப்போது கமிட்டியில் இல்லை. ஆனால் என் மகளுக்கு இடம் நிலைத்ததில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

வளர்கிற வயதுப் பெண்ணிடம் உயரம் பத்தவில்லை என்று சொல்லி அனுப்பினால் அவள் என்ன செய்வாள்? வீட்டுக்குப் போய் வளர்வாளா?

நஸ்ரின் அதைத்தான் செய்தாள். பிடோக்கில் ஓர் அணியில் சேர்ந்து, பள்ளி முடிந்து ரயிலில் பாதித் தீவைக் கடந்து போய் விளையாடினாள். போகிற வழியிலேயே வளர்ந்தும் விட்டாள். இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். தர்ஷினி என்னைப் போல... வளர்வதைச் சீக்கிரமே முடித்துக்கொண்டவள்.

இந்த வருடம் அந்த பிடோக் அணி ஆள் சேராமல் கலைந்துவிட்டது. லீக்கில் பெயர் பதிய மாதக் கடைசிவரைதான் நேரம். அதற்குள் ஓர் அணி கிடைக்கவில்லை என்றால் நஸ்ரினுக்கு இந்த சீசன் கிடையாது. ஒரு சீசன்தானே என்று தோன்றும். அந்த வயதில் ஒரு வருடம் பூட்ஸைக் கழற்றி வைக்கிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் திரும்ப மாட்டுவதில்லை. டியூஷன், ஓ லெவல் பரீட்சை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பாய்க்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

எங்கள் இப்போதைய கோச் பிரகாஷ், இளைஞர். நஸ்ரினைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கமிட்டியிடம் கேட்டார். புதன்கிழமை மாலை, புளோக் கீழே காப்பிக்கடையில் மேசைகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தோம். எங்கள் கிளப்புக்கு அதுதான் தலைமையகம்.

நான் பேசினேன்.

"மழையிலயும் வெயில்லயும் இங்கயே நின்ன புள்ளைங்க இருக்காங்க. ஒரு வருஷம் வேற ஜெர்சி போட்டுட்டு வர்றவங்களுக்கு நாம கதவைத் திறந்து விட்டோம்னா, இவங்களுக்கு என்ன பதில் சொல்றது? விசுவாசத்துக்கு நம்ம கிளப்ல மதிப்பே இல்லையா?"

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? அவர்களுக்கும் நன்றாகத்தான் இருந்தது. நஸ்ரின் எங்களை விட்டுப் போகவில்லை, நாங்கள்தான் அவளை வெளியே அனுப்பினோம் என்பது அங்கே யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வராதபடி பேசினேன். வருடக்கணக்காக எழுதுகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா?

"எழுத்தாளரம்மா சொல்றது பாயிண்ட் லா," என்றார் தலைவர் செல்வம் அண்ணன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. நஸ்ரின் வேண்டாம். கோச்சுக்கு ஓட்டு இல்லை. அவர் தன் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

பேசும்போது என் மனதில் இருந்தது விசுவாசம் இல்லை. மாற்று ஆட்டக்காரர்களின் ஆரஞ்சு பனியனைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தர்ஷினி. அந்தக் காட்சி ஒன்றுதான். தேக்காவில் அவள் டிஷ்யூ பாக்கெட் வைத்து மேசை பிடிக்கிறாளே, அதையேதான் நான் கோல் கம்பத்தில் செய்தேன். என் பாக்கெட்டின் மேல் 'விசுவாசம்' என்று அச்சடித்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். தர்ஷினி போனைக் கையில் எடுக்கவில்லை. வீட்டில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அபாய அறிகுறி என்று தெரியும்.

"ம்மா, வென்ஸ்டேவே முடிவாயிடுச்சுல்ல?"

"யாரு சொன்னா?"

"கோச் சொன்னாரு, ட்ரெய்னிங்ல. கமிட்டி நோ சொல்லிட்டாங்களாம். ஒரு பேரண்ட் ரொம்ப நல்லா பேசினாங்களாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "நம்ம கிளப்ல ரொம்ப நல்லா பேசுற பேரண்ட் வேற யாரு மா?"

ஊட்ரம் பார்க்கில் இறங்கி அடுத்த ரயிலுக்கு நடந்தோம். அங்கே நடக்க நிறைய தூரம். பாதி வழியில், "உனக்காகத்தான்டி..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்காகன்னு சொல்லாதீங்க. என்னைக் கேட்டீங்களா? நஸ்ரினைக் கூப்பிடுங்கன்னு கோச்கிட்ட சொன்னதே நான்தான்."

எனக்கு நடை நின்றுவிட்டது.

"லாஸ்ட் மேட்ச் ஆறு கோல் மா. நீங்க லைன்ல நின்னுக்கிட்டு 'பரவால்ல, பரவால்ல'ன்னு கத்துறீங்க. ஒவ்வொரு தடவையும் நெட்டுக்குள்ள போய் பந்தை எடுத்துட்டு வர்றது யாரு? நான்தானே?"

"அவ வந்தா நீ பெஞ்ச்ல உக்காரணும்."

"தெரியும். கஷ்டமாதான் இருக்கும். பட் அது என் ப்ராப்ளம், உங்களுது இல்ல." பிறகு, ரயில் வந்து நின்றபோது, மெதுவாகக் கேட்டாள். "அங்கிள்கிட்ட ஏன் மா பொய் சொன்னீங்க?"

வெட்கமாக இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், நன்றாகத் தெரிந்த ஸ்டேஷன் பெயர்களையெல்லாம் புதிதாகப் படிப்பதுபோல் படித்துக்கொண்டே வந்தேன்.

அன்று மாலையே செல்வம் அண்ணனுக்குப் போன் செய்தேன். இன்னொரு கூட்டம் வேண்டும் என்றேன். செவ்வாய்க்கிழமை அதே காப்பிக்கடை, அதே மேசைகள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். 'போன வாரம் நான் என் பொண்ணோட இடத்துக்காகத்தான் பேசினேன்.' லிஃப்ட்டில் இறங்கும்போது நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

மேசையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன்... வந்தது இன்னொரு சொற்பொழிவு.

"அவ நம்மள விட்டுப் போகல. நாமதான் அனுப்பினோம். நாம அனுப்பின புள்ளைகிட்ட நாமளே விசுவாசம் கேக்கறது நியாயமா?"

இதுவும் நன்றாக இருந்தது. சொன்னது முழுக்க உண்மையும்கூட. ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

செல்வம் அண்ணன் நெகிழ்ந்துவிட்டார். "பாருங்க, சொந்தப் பொண்ணோட இடம் போனாலும் பரவால்லன்னு பேசுறாங்க! இந்த மனசு யாருக்கு வரும்? எழுத்தாளரம்மா, நம்ம கிளப்பைப் பத்தி நீங்க ஒரு வாரம் பேப்பர்ல எழுதியே ஆகணும் லா!"

கை தட்டினார்கள். பக்கத்து மேசையில் பீர் குடித்துக்கொண்டிருந்த சீன அங்கிள் திரும்பிப் பார்த்துவிட்டு, எதற்கென்று தெரியாமலே அவரும் தட்டினார். அதுதான் சமயம். அந்த ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். கோச் பிரகாஷ் மட்டும் கை தட்டவில்லை. காப்பியையும் கலக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் வேண்டாம் என்று உயர்ந்த அதே கைகள் இந்த வாரம் வேண்டும் என்று உயர்ந்தன. குடியிருப்பாளர் குழுவோ, கோயில் கமிட்டியோ, கிளப்போ... நம் கூட்டங்கள் எல்லாம் இப்படித்தான் நடக்கின்றனவா? யாராவது கொள்கை என்று குரலை உயர்த்தினால், உடனே கையைத் தூக்கிவிடாதீர்கள். அவர் வீட்டுப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. நஸ்ரினைத் திரும்பக் கூப்பிடலாமா, வேண்டாமா என்று இரண்டு கூட்டம் போட்டுப் பேசினோம். ஏதோ அவள் தவறு செய்துவிட்டு வந்து நிற்பதுபோல. அவளிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

பாயிடம் நல்ல செய்தியைச் சொல்லும் பொறுப்பை எனக்கே கொடுத்தார்கள். மறுநாள் தேக்காவுக்குப் போனேன். கேட்டதும் பாய் கரண்டியை அண்டா மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்... நான் சொன்னேன்ல, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்னு!" பக்கத்துப் பழச்சாறுக் கடைக்காரரையும் கூப்பிட்டார். "இந்தக்காதான்! இவங்க பேசித்தான் புள்ளைக்கு இடம் கெடச்சிருக்கு!"

அங்கேயாவது சொல்லியிருக்கலாம். வரிசையில் ஆட்கள் நின்றார்கள், கடை நேரம்... காரணமா இல்லை எனக்கு? சிரித்துவிட்டு வந்தேன். அவர் வீட்டுக்கு எடுத்துப்போக டபாவ் கட்டிக் கொடுத்த பொட்டலத்தை வீட்டில் பிரித்தால், உள்ளே மூன்று முட்டை. தர்ஷினி எட்டிப் பார்த்தாள். சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை நஸ்ரின் பயிற்சிக்கு வந்தாள். திடலோரம் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"இப்ப ஹைட் ஓகேவா, ஆன்ட்டி?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கேலியா, கோபமா? தெரியவில்லை. நான் சும்மா தலையாட்டினேன். அவள் ஓடிப்போய்க் கோலில் நின்றாள். ஆரஞ்சு பனியனோடு தர்ஷினி அவளுக்குப் பந்தை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவ்வளவு பயந்த காட்சி அதுதான். பார்க்கக் கொஞ்சம் வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் தாங்க முடியாத அளவுக்கு ஒன்றும் இல்லை. இதற்காகவா அத்தனை பேச்சு?

நஸ்ரினின் பெயர் லீக்கில் பதிவாகிவிட்டது. இனி நான் என்ன எழுதினாலும் அவள் இடம் போகாது. அதை உறுதி செய்துகொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். முகத்துக்கு நேரே மூன்று முறை சொல்ல முடியாதவள், பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொல்கிறேன்.

செல்வம் அண்ணே, கிளப்பைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன். நீங்கள் எதிர்பார்த்தது இதுவாக இருக்காது. கமிட்டியில் என் நாற்காலியை என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அந்தக் கூட்டத்தில் நான் பேசமாட்டேன்.

தர்ஷினி இதைப் படித்துவிட்டாள். "ஓகே," என்றாள். இந்த வாரத்தில் அவள் என்னிடம் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

காதர் பாய், இதைப் படித்த பிறகு இன்று அடுப்பைப் பற்ற வைப்பீர்களோ, என்னவோ. மதியம் வழக்கம்போல் வந்து வரிசையில் நிற்பேன். நீங்கள் திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

முட்டை மட்டும் வேண்டாம், பாய்.