மாதா எண்ணெய்ப் போத்தலில் நான் ஒளித்தது

இதை எழுத நான்கு வருடம் தயங்கினேன். கோயிலுக்குப் போகிறவன் கஞ்சாவைப் பற்றி எழுதுவதா என்ற வெட்கம்.

போர்க்காலப் பயம் என்னை விடவேயில்லை. புலம்பெயர்ந்து வந்து நாங்கள் குடியிருக்கும் ரோவிலுக்கு மேலே ஹெலிகொப்டர் பறந்தாலும் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவேன். டொக்டர் கஞ்சாவில் செய்த சொட்டு மருந்து எழுதித் தந்தார். சட்டப்படியான மருந்துதான். ஆனாலும் மனைவி றீற்றா என்ன நினைப்பாளோ என்று, மடு மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த மாதா எண்ணெய்ப் போத்தலைக் காலியாக்கி, அதில் ஊற்றி ஒளித்துவைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். றீற்றா போத்தலோடு சாட்சி சொல்ல எழும்பினாள்.

"மூண்டு நாளா இந்த எண்ணெயைத்தான் பூசினனான். முழங்கால் நோ போயிட்டுது. மாதா செய்த புதுமை."

எல்லோரும் உள்ளங்கையை நீட்டினார்கள். பிலோமினா அன்ரி வாயையே திறந்தார். நான் பாய்ந்து தடுத்தேன்.

"அன்ரி, குடியாதேங்கோ. அது கஞ்சா எண்ணெய். என்ர பயத்துக்கு டொக்டர் தந்தது."

அன்ரி மெதுவாக வாயை மூடினார்.

"வெடிச்சத்தம் கேட்டா எனக்கும் நெஞ்சு படபடக்கும், தம்பி. அந்த டொக்டர் தமிழோ?"

றீற்றாவுக்குத்தான் கோபம். "எனக்குச் சொல்லியிருக்கலாமே. நீங்கள் கட்டிலுக்குக் கீழ புகுந்ததை நான் ஆருக்கும் சொன்னனானோ?"

மாதாவிடம் தினமும் முழந்தாளில் நின்று சொன்ன பயத்தை, பக்கத்தில் முழந்தாளில் நின்றவளிடம் மறைத்திருக்கிறேன்.

வாசிப்பவர்கள் இதை மாற்றாமல் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். மாதா எண்ணெயில் கஞ்சா கலந்தவன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கடைசிச் சொட்டையும் நெற்றியில் பூசி முடித்த பிறகுதான் மருந்தை ஊற்றினேன்.