வலது காதில் விழுந்த அடி

விலாங்கு லேசில் சாகிற ஜாதி இல்லை. மோரியாசு அதன் தலையைப் பலகையில் அழுத்திக் கண் வழியாக ஆணியை இறக்கினார். வால் அவர் முழங்கையைச் சுற்றி முறுக்கியது. கழுத்திலிருந்து வால்வரை ஒரே இழுப்பு, குடல் மொத்தமும் வாளியில் விழுந்தது. அன்று கடலில் பேய்க்காற்று, படகு வர நேரமாகிவிட்டது. காலையிலேயே பின்கட்டில் முடிந்திருக்க வேண்டிய கொலையெல்லாம் சாயங்காலம் சாப்பிட வந்தவர்கள் கண்ணெதிரிலேயே நடந்துகொண்டிருந்தது.

"ஏண்ணே, அது உங்க மாமியார் வீட்டு விலாங்கா? இந்தக் குத்து குத்துறீங்க?" என்றார் செகிநே. பக்கத்தில் சலூன் வைத்திருப்பவர். தினமும் வந்து, சோற்றுப்பிடிமேல் மீன் துண்டு வைத்த சூஷி நாலு தின்றுவிட்டு, ஊர் வம்பு மொத்தத்தையும் இறக்கி வைத்துவிட்டுப் போகிற ஆள்.

"உன் வாய்க்கும் ஒரு ஆணி எடுத்து வச்சிருக்கேன். பேசாம தின்னு."

கோகுரா ஸ்டேஷனுக்குப் பின்சந்தில் ஏழு பேர் மட்டும் உட்காரும் கடை அது. நீளமான மரப்பலகைக்கு அந்தப்பக்கம் மோரியாசு, இந்தப்பக்கம் சாப்பிடுகிறவர்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் டீயும் பீருமாக அலைவது அவர் மனைவி கினுயோ. வலது பக்கம் நின்று கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. வாடிக்கைக்காரர்களுக்கு அது தெரியும், இடது பக்கம் திரும்பித்தான் பேசுவார்கள். செகிநே மட்டும் வேண்டுமென்றே வலது பக்கம் வந்து, "அக்கா, இன்னிக்கு எனக்கு இனாம்னு சொன்னீங்கல்ல?" என்பார். அவளும் எதுவோ கேட்டது மாதிரி தலையாட்டிவிட்டு முழுக் காசையும் வாங்கிக்கொள்வாள்.

அந்தக் காதைக் கொன்றவன் அவளுடைய முதல் புருஷன் தட்சுமி. யாஹாத்தா இரும்பாலையில் வேலை. சூப்பில் உப்பு கூடினால் அடி. உப்பு குறைந்தால் அடி. எல்லாம் சரியாக இருந்தால், சரியாக வைத்துவிட்ட திமிருக்கு அடி. பல் போனது, விரல் ஒன்று வளைந்து நின்றது, வயிற்றிலிருந்த பிள்ளையும் போனது. கடைசியில் காதும் போன ராத்திரி, வீட்டுச் செருப்போடு ஓடி வந்தவள் மீன் மார்க்கெட் சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்தாள். அங்கேதான் மோரியாசு அவளைப் பார்த்தது. காதுக்கு என்ன ஆச்சு என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "யாஹாத்தாவுல புருஷன் அடிச்சிட்டான்" என்றாள். அதற்குமேல் அவர் தோண்டவில்லை. மனுஷன் எவ்வளவு பதவிசு என்று நினைத்துக்கொண்டாள் பாவம்.

மோரியாசுவுக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். மீன்காரனைக் கூடையோடு தெருவில் தள்ளியிருக்கிறார். ஆனால் பதினோரு வருஷத்தில் அந்தக் கை அவள் பக்கம் திரும்பியதில்லை. தன் வீட்டில் அவள் புருஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பயமில்லாமல் சமைத்தாள். அவளுக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான்.

ஆறு மணி இருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்து, குடையை உதறி, வாசலோரம் உட்கார்ந்தான். தலை முழுக்க நரை. தொண்டையைச் செருமினான். அந்தச் செருமலை கினுயோவுக்குத் தெரியும். தட்சுமி.

அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கூழைக்கும்பிடு போட்டுச் சிரித்தான்.

"வீட்டம்மாவா? ஒரு டீ குடுங்கம்மா. வெளியில என்னா குளிரு."

அவள் வைத்த டீ பாதி பலகையில் கொட்டியது.

"பரவால்லம்மா. எங்க வீட்டுலயும் ஒருத்தி இருந்தா. அவளுக்கும் இப்படித்தான், என்னைப் பார்த்தாலே கை நடுங்கும். ரெண்டு தட்டு தட்டினாச் சரியாப் போயிடும்."

"நடுங்குனா டாக்டருகிட்டல்ல காட்டணும்?" என்றார் விஷயம் தெரியாத செகிநே.

"நான்தாங்க டாக்டர்" என்று தட்சுமி சிரித்தான். செகிநேயும் சேர்ந்து சிரித்தார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். கையில் கத்தி. இவன்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தட்சுமியின் குடலும் அந்த வாளிக்குப் போய்விடும். அப்புறம் மோரியாசு ஜெயிலுக்கு, அவள் மறுபடி தெருவுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் தின்றுவிட்டுப் போய்த் தொலைவான். வாயை மூடிக்கொள்வது அவளுக்குப் புதுசா என்ன?

ஆனால் கொட்டிய டீயை மோரியாசு பார்த்துவிட்டார். அவள் முகம் செத்துக் கிடந்ததையும் பார்த்தார். பலகையோரம் உட்கார்ந்திருந்தவர்களின் கைகள்மேல் அவர் கண் ஒவ்வொன்றாக நகர்ந்தது. மனுஷர்களை அவர் கையை வைத்துத்தான் அடையாளம் வைத்துக்கொள்வார். செகிநேயின் கை. தட்சுமியின் வலது கை, பவ்வியமாக ஒரு சூஷியை எடுத்து வாயில் வைத்தது. மறுகோடியில் உட்கார்ந்திருந்த புது ஆளின் கையில் வந்து கண் நின்றது. அவர் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இடது கைக்காரருக்கு சூஷியை மறுபக்கம் சாய்த்து வைக்க வேண்டும், எடுக்க வசதியாக. மோரியாசு அப்படியே சாய்த்து வைத்தார். மரியாதை அதோடு முடிந்தது. இடது கைக்காரர் யார் வந்தாலும் அவர் குரல் கடுத்துவிடும். அது ஏன் என்று கினுயோவுக்கு இத்தனை வருஷமாகப் புரிந்ததே இல்லை.

"எந்த ஊரு?"

"மோஜிங்க. பேரு நாகமினே. ஒருத்தருக்குக் கோட்டு தச்சுக் குடுக்க வந்தேன்."

"எப்பவும் மோஜிதானா?"

"இல்லீங்க, ரொம்ப நாளு யாஹாத்தாவுல இருந்தேன்."

மோரியாசுவின் தாடை இறுகியது. "சம்சாரம்?"

"ம்ஹும். தனிக்கட்டைதான்" என்று சொல்லிவிட்டு நாகமினே கினுயோவை எட்டிப் பார்த்தார். வந்ததிலிருந்து அந்த மனுஷனுக்கு டீ வரவில்லை. அவள் கண்ணும் காதும் வாசலோரத்தை விட்டு நகர்ந்தால்தானே. மறுபடியும் எட்டிப் பார்த்தார். மோரியாசு அத்தனையையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

"அக்கா, டீ" என்றார் நாகமினே. அவள் வலது பக்கம். கேட்கவில்லை. கை நீட்டி, இடது கையால், அவள் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார்.

அவள் வீறிட்டுக் கத்தினாள்.

மோரியாசு பலகைக்கு மேலே பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தார். இழுத்துப் பலகையில் அறைந்தார். விலாங்கின் கண்ணிலிருந்து உருவிய ஆணி நாகமினேயின் உள்ளங்கையில் இறங்கி மரத்தில் நின்றது. நாகமினே போட்ட அலறலில் செகிநேயின் பீர் கிளாஸ் கீழே போய் உடைந்தது. மோரியாசு கத்தியின் முதுகால் அவர் வாயில் அடித்தார். பல் தெறித்தது. மறுபடி அடித்தார்.

"இந்தக் கைதான? இந்தக் கைதானடா? பதினோரு வருஷமா உனக்காகத்தாண்டா நிக்கிறேன்!"

"அண்ணே! விடுங்கண்ணே! செத்துடுவாரு!" செகிநே பலகைமேல் ஏறி அவர் தோளைக் கட்டிக்கொண்டார்.

"ஏங்க!" கினுயோ ஓடிப்போய்க் கத்தி பிடித்த கையில் தொங்கினாள். அவள் முகமெல்லாம் ரத்தம் தெறித்தது. "அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க!"

"பயப்படாத. எனக்குத் தெரியும். உனக்குப் போனது வலது காது. எதுத்தாப்புல நின்னு வலது காதுல அடிச்சவன் இடது கைக்காரனாத்தான் இருப்பான். இதுகூடவா எனக்குத் தெரியாது?"

"எதுத்தாப்புல எங்கங்க நின்னான்?" அவள் கத்திக் கையை விடவில்லை. "நான் குனிஞ்சு அரிசி களைஞ்சுகிட்டு இருந்தேன். பின்னாலேந்து வந்து வலது கையால அடிச்சான்."

மோரியாசு கத்தியைப் பலகையில் போட்டார். பிறந்ததிலிருந்து பலகைக்கு அந்தப்பக்கம் நின்று எல்லோரையும் முகத்துக்கு முகம் பார்த்தே பழகிய மனுஷன். பெண்டாட்டியைப் பின்னாலிருந்து அடிக்கிறவனும் உண்டு என்பது அவர் புத்தியில் உறைத்ததே இல்லை.

"தையக்காரன்யா நான்" என்று நாகமினே அழுதார். "கத்திரி புடிக்கிற கைய்யா இது."

வாசலோரத்தில் யாரோ சிரித்தார்கள். தட்சுமி நிதானமாக எழுந்து, வாயைத் துடைத்து, பணத்தை வைத்தான்.

"நான் வெறுங்கையாலதான் அடிச்சேன், கினுயோ. நீ ஆணி அடிக்கிறவனாப் பார்த்துப் புடிச்சிருக்க. நல்லா இரு."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் யாரென்று மோரியாசுவுக்கு அப்போதுதான் விளங்கியது. கத்தி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. துரத்தியிருக்கலாம். துரத்தவில்லை. ஆணியைப் பிடுங்கி, நாகமினேயின் கையைத் துணியால் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க" என்று தலையைப் பலகையில் முட்டிக்கொண்டே இருந்தார். செகிநே ஓடிப்போய் ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் போன் போட்டார். ஆம்புலன்ஸ்தான் முதலில் வந்தது. நாகமினேயை ஏற்றினார்கள், செகிநேயும் கூடவே போனார்.

கடையில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். கினுயோவின் கன்னத்தில் ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது. மோரியாசு ஒரு துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு பலகையைச் சுற்றி வந்தார். துடைத்துவிடலாம் என்று கையைத் தூக்கினார்.

அவள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சட்டென்று தரையில் சுருண்டாள். "வேணாம்! வேணாம்! இனிமே சரியா வைக்கிறேன்!"

தூக்கிய கை அப்படியே நின்றது. அவள் நிமிரவில்லை. நிமிர வேண்டும் என்றுதான் அவளுக்கும் இருந்தது, உடம்பு கேட்கவில்லை.

மோரியாசு துணியை அவளுக்கு எட்டுகிற மாதிரி ஸ்டூல்மேல் வைத்தார். பிறகு வெளியே போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, போலீஸ் வரும்வரை மழையில் நின்றார்.