போடாமல் வைத்த சீட்டு

பிரான்சில் நான் இருக்கும் ரென் நகரத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் எட்டுப் பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் ஒருவரோடொருவர் பேசாமல் இருப்பார்கள். சண்டை ஒன்றும் இல்லை. சீட்டு விளையாடுகிறார்கள். நம் ஊரில் நாலு பேர் ரம்மிக்கு உட்கார்ந்தால் தெருமுனை வரை கேட்கும். இங்கே சீட்டு உரசுகிற சத்தம்தான். ரம்மிச் சீட்டு இல்லை இது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மிருகமோ மந்திரவாதியோ படமாக இருக்கிற டிரேடிங் கார்டு. அதில் டிராஃப்ட் என்று ஒரு வகை. ஆளுக்கொரு ஒட்டிய பாக்கெட்டைப் பிரித்து, அதில் பிடித்த ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு, மீதியைக் கவிழ்த்து இடப்பக்கம் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். வலப்பக்கத்துக்காரர் தள்ளியதிலிருந்து அடுத்த சீட்டு. இப்படிச் சுற்றிச் சுற்றி மூன்று பாக்கெட். இரண்டாவது பாக்கெட் மட்டும் எதிர்த்திசையில், வலப்பக்கம் போகும். கடைசியில் அவரவர் பொறுக்கிய சீட்டுகளை வைத்து இருவர் இருவராக மோத வேண்டும். அடுத்தவர் எதை எடுத்தார் என்று தெரியாது. எதை வேண்டாமென்று விட்டார் என்பது மட்டும் கைக்கு வரும்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிற எனக்கு இந்த விளையாட்டு எதற்கு என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். அவள் குருசுக்குப்பத்தில் பிறந்த சொல்தா வீட்டுப் பெண். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அதனால் கிடைத்த பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் பேத்தி வரைக்கும் வந்தது, அவளைக் கட்டிக்கொண்டதால் நானும் இங்கே வந்தேன். வந்த மூன்றாம் வருடம், பேச ஆளில்லாமல் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தபோது, பேசவே தேவையில்லாத ஒரு கூட்டம் ஒரு சீட்டுக் கடையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தெரிந்தது. என் பிரெஞ்சுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று உள்ளே போய்விட்டேன்.

முதல் வாரமே வம்பு. இடப்பக்கம் தள்ள வேண்டுமென்றால் இடது கையால் தள்ளுவதுதான் சுலபம். ஆனால் இடது கையால் ஒருத்தருக்கு ஒன்றைக் கொடுக்க என் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. முதலியார்பேட்டையில் அம்மாவிடம் முதுகில் வாங்கிய அடிகள் அப்படி. ஆகவே ஒவ்வொரு தடவையும் இடுப்பை முழுசாகத் திருப்பி, வலது கையை நீட்டி, பணிவாகச் சீட்டைக் கொடுத்தேன். திரும்பும்போதெல்லாம் என் முகம் பக்கத்தில் இருந்த ழெரோம் என்பவனின் சீட்டுகளுக்கு நேராகப் போய் நின்றது. நாலாவது தடவை அவன் சீட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மெஸ்ஸியே, தயவுசெய்து உங்கள் சீட்டை மட்டும் பாருங்கள்" என்றான். எனக்கு முகம் எரிந்தது. நான் திருட்டாட்டம் ஆடவில்லை என்று விளக்க வேண்டுமே. கையில் இருந்த பிரெஞ்சு கொஞ்சம். இடது கையைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கை... துவாலெத்" என்றேன், கக்கூஸுக்கு என்கிற அர்த்தத்தில். மேஜையில் இருந்த அத்தனை பேரும் என் கையைப் பார்த்தார்கள். எதிரில் இருந்த அம்மாள் மெதுவாகச் சிப்ஸ் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் உப்பு டப்பாவை இடது கையால் தள்ளித் தள்ளிப் பழகினேன். ஊரோடு ஒத்து வாழ் என்பதுதானே நம் பாடம். இரண்டு மாதத்தில் கை பழகிவிட்டது. ழெரோம் இப்போது எனக்கு நல்ல சிநேகிதன்.

இந்த விளையாட்டை நான் ஊருக்கும் அனுப்பிவைத்தேன். என் தம்பி செல்வா, எனக்கு மூன்று வயது இளையவன், புதுச்சேரியில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். சின்ன வயதில் இருவரும் பெட்டிக்கடையில் வாங்கிய மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டுகளை வைத்து விளையாடுவோம். அப்பா வேலை பார்த்த மில்லை மூடிய காலம். வீட்டில் அவரும் அவர் சகாக்களும் ஒரு பக்கம் ரம்மி, நாங்கள் இன்னொரு பக்கம். சீட்டு என்ற பேச்சே ஆகாத அம்மா நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டுவார். செல்வா தோற்றால் வீடு இரண்டாகும். "சின்னவன்தானே, உட்டுக் குடுத்துடேன், உன் சொத்தா போயிடும்?" என்பார் அம்மா. எனக்கு அது பழகிப்போனது. நல்ல சீட்டை அடியில் ஒளித்துக்கொண்டு, மோசமானதை இறக்கி, "ஐயோ, தோத்துட்டேனே" என்று நடிப்பேன். அவன் குதிப்பான். அம்மா எனக்குத் தனியாக ஒரு முறுக்கு தருவார். நான் பிரான்சுக்கு வந்தபின் சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் இருவரும் இந்தப் புது விளையாட்டை ஆடத் தொடங்கினோம். போனில் "சாப்ட்டியா", "வேலை எப்படி" என்பதோடு வறண்டு போகிற பேச்சு, ஆட்டத்தில் மட்டும் நீண்டது.

அப்பாவுக்குப் பின் அம்மாவும் இரண்டு வருடம் முன்பு போனார். டிக்கெட் கிடைத்து, விமானம் மாறி, சென்னையில் இறங்கி, பாண்டி போய்ச் சேர்ந்தபோது பால் தெளியும் முடிந்திருந்தது. அம்மாவுக்கும் மூத்தவனே கொள்ளி வைக்கிற எங்கள் வீட்டில், நான் இல்லாமல் செல்வாதான் எல்லாம் செய்தான். அதற்கு முந்தைய நாலு வருடம் அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவனும் அவனும் அவன் மனைவியும்தான். அவன் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சனிக்கிழமை ஆட்டம் தொடர்ந்தது, அம்மா பேச்சு மட்டும் எங்கள் நடுவில் வரவே இல்லை. அந்தக் கனத்தை இறக்கிவைக்க எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. முதலியார்பேட்டை வீட்டில் என் பாதியை அவனுக்கே விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருவது. போனில் சொன்னபோது "சரி" என்றான். அவ்வளவுதான். இந்த ஆகஸ்டு லீவில் அதற்காகவே போனேன். திங்கட்கிழமை பதிவு. அதற்கு முந்தைய சனிக்கிழமை, "நாளைக்கு டவுன்ல டிராஃப்ட் இருக்கு, வரியா?" என்று அவனே கேட்டான். பத்து வருடமாகத் திரையில் மட்டும் ஆடியவர்கள், முதல் தடவையாக ஒரே மேஜையில் உட்காரப் போகிறோம். எனக்குப் பத்திரத்தை விட இந்த ஆட்டம்தான் பெரிதாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையின் துணிக்குவியல்களுக்கு நடுவே வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஒரு காபிக் கடையின் மாடிக்கு ஏறினோம். ஆட்டத்தை நடத்துகிற பிரவீன் என்பவர் என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் வரவேற்றார். நான் தமிழில் பதில் சொல்லியும் அவர் ஆங்கிலத்தை விடவில்லை. என் சட்டையா, நடையா, எது காட்டிக்கொடுத்தது என்று தெரியவில்லை. சொந்த ஊரில் விருந்தாளியாவது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. இங்கே எட்டுப் பேரும் பேசிக்கொண்டேதான் சீட்டு எடுத்தார்கள். பேசக் கூடாது என்று பிரவீன் சொல்வதும் அவர்களோடு சேர்ந்து ஒரு பேச்சாகவே இருந்தது. எனக்கு அது எவ்வளவு பிடித்தது என்று சொல்லி முடியாது.

செல்வா எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தான். முதல் சீட்டை எடுத்துக்கொண்டு மீதியை அவன் பக்கம் தள்ளினேன். அவன் வாங்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சீட்டையே பார்த்தான். அவனுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

"இன்னா?" என்றேன்.

"சோத்தாங்கையால குடு" என்றான், தலை நிமிராமல்.

அப்போதுதான் பார்த்தேன். உப்பு டப்பாவில் பழகிய இடது கை தானாக நீண்டிருந்தது. சிரித்து மழுப்பிக் கையை மாற்றினேன். அவன் சிரிக்கவில்லை, வாங்கிக்கொண்டான்.

இரண்டாவது பாக்கெட் எதிர்த்திசையில் வந்தது. செல்வா தன் பாக்கெட்டைப் பிரித்து, ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை எனக்குக் கொடுத்தான். மேலேயே இருந்தது ஒரு நெருப்புப் பறவை, சிவப்பு நிறச் சீட்டு. அந்தப் பாக்கெட்டில் அதைவிடப் பெரிய சீட்டு இருந்திருக்க வழியில்லை. நான் எப்போதும் சிவப்புச் சீட்டுகள்தான் ஆடுவேன் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டிருக்கிறான். எடுத்துக்கொண்டேன்.

மோதல்களில் நான் இரண்டு ஜெயித்தேன், அவனும் இரண்டு. கடைசியாக நானும் அவனும் எதிரெதிரே. மூன்று ஆட்டத்தில் ஆளுக்கொன்று போய், மூன்றாவது இழுத்துக்கொண்டு போனது. அவனுக்கு நாலு உயிர்ப்புள்ளிதான் மிச்சம், அது தீர்ந்தால் தோல்வி. என் கையில் நெருப்புப் பறவை வந்தது. இறக்கினால் முடிந்தது. அவன் நெற்றியைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அம்மாவுக்கு இருந்த அதே சுளிப்பு. முன்மயிர் நரைத்திருந்தது. இந்தத் தலை எப்போது நரைத்தது, நான் எந்த ஊரில் இருந்தேன் என்று நினைத்தேன். பறவையை இறக்கவில்லை. அடுத்த சுற்றில் அவன் என்னை முடித்தான். "தோத்துட்டேனே" என்று நான் சீட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

அவன் கைநீட்டி, கவிழ்ந்திருந்த என் சீட்டுகளைத் திருப்பினான். பறவை மேலே வந்தது.

"இத நான்தான உனக்குக் குடுத்தேன். ஏன் போடல?"

"பரவால்ல உடு. நீ ஜெயிக்கட்டும்னுதான்."

"நான் கேட்டனா?" அவன் குரல் ஏறவில்லை. பக்கத்து மேஜையில் யாரும் திரும்பவில்லை. "எப்பவும் இதேதான். நீ உட்டுக் குடுத்துட்டுப் போய்க்கினே இருப்ப. நான் வாங்கிக்கினே இருக்கணும். அம்மாவ உட்டுக் குடுத்த. கொள்ளிய உட்டுக் குடுத்த. இப்ப வீடு."

"டேய், நீதான அம்மாவப் பாத்த. உனக்குத்தான் அது சேரணும்னு நெனச்சேன்."

"எனக்கு வீடு வேணும்னு சொன்னனா? பாதி உன்னுதுன்னு இருந்தா, இன்னிக்கி இல்லன்னாலும் ஒருநாள் வருவன்னு இருக்கும். அதையும் எழுதிக் குடுத்துட்டா நீ எதுக்கு வருவ? ஓட்டல்ல தங்குவ. பீச்ச சுத்திப் பாத்துட்டுப் போவ." சீட்டுகளை ஒன்றுசேர்த்து என் பக்கம் தள்ளினான். "வீட்டையும் பீச்சாங்கையாலதான் குடுக்குற."

பெருந்தன்மை என்று இரண்டு வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது, அவனுக்குக் கைகழுவுவதாகத் தெரிந்திருக்கிறது. யோசித்தால் அவன் சொன்னதிலும் தப்பில்லை. பத்திரம் எழுதிய பிறகு நிம்மதியாகத் தூங்கலாம் என்று நான் கணக்குப் போட்டது, அவன் தூக்கத்துக்காக இல்லை. கண் நிறைந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது ஆள், மிருகப்படம் போட்ட சீட்டுகளுக்கு முன்னால் அழுதால் நன்றாகவா இருக்கும். பிரவீன் வந்து, "ஹூ வன்?" என்றார்.

"இன்னும் முடியல" என்றான் செல்வா. என்னைப் பார்த்தான். "மறுபடி ஆடு. ஒழுங்கா ஆடு."

ஆடினோம். ஒளிக்காமல், ஒதுக்காமல் ஆடினேன். பறவை வந்தது, இறக்கினேன், ஜெயித்தேன். விட்டுக்கொடுக்கப் பழகிய பிறகு தம்பியை நேருக்கு நேர் தோற்கடித்தது அன்றைக்குத்தான். அவன் சீட்டை வாரிப் போட்டு, "த்தூ, நான் குடுத்த சீட்டாலயே அடிக்கிறான்" என்றான். சின்ன வயதுபோலவே முகம் சுருங்கியது. அப்புறம் டீ வாங்கிக்கொடுத்தான்.

திங்கட்கிழமை காலை பத்திரம் எழுதுபவருக்கு நானே போன் செய்து, வேண்டாம் என்று சொன்னேன். செல்வா ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். காதில் விழாத மாதிரி சட்டைப் பித்தானைப் போட்டான். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் சொன்னான்: "பின்னாடி ரூமு உன்னுது. உன் சூட்கேஸெல்லாம் கூடத்துல வழிய அடச்சிக்கினு கெடக்குது, எடுத்து உள்ள வை." அது அம்மா படுத்திருந்த அறை. அன்று பகல் முழுக்க அதில் தரையில் பாய் போட்டுக் கிடந்தேன். எனக்கு அம்மா வேண்டும் போலிருந்தது. அந்த வீட்டில் எனக்கு என்று ஒரு அறை இருந்ததனால்தான் அப்படி வாய்விட்டு அழ முடிந்தது என்று நினைக்கிறேன்.

இப்போது நவம்பர். நேற்று வெள்ளிக்கிழமை, கடையில் இரண்டாவது பாக்கெட்டைப் பிரிக்கிற நேரம், போன் அதிர்ந்தது. செல்வா. ஒரு படம்: பின்னறையின் நடுவே ஒரு பிளாஸ்டிக் பக்கெட், பாதி நீர். கீழே ஒரு வரி: "உன் பக்கம் ஒழுவுது."

நான் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ழெரோம் தாழ்ந்த குரலில், ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்டான்.

"இல்லை. என் வீட்டில் மழை."

அவன் புரிந்துகொண்டவன் போலச் சன்னலைக் காட்டினான். வெளியே ரென் நகரம் நனைந்துகொண்டிருந்தது. "ஆமாம், காலையிலிருந்தே" என்றான்.

நான் தலையாட்டிவிட்டு, என்னையறியாமல் அண்ணாந்து பார்த்தேன். இங்கே கூரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.